வால்வுக்குப் போட்ட மூடி

நான் வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவிகள் பொருத்துகிறவன். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு சிறிய நிறுவனத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. காஸ், எண்ணெய், விறகு என்று எல்லா வகைக் கொதிகலனிலும் என் கை பட்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது எனக்காக இரங்கி, பாவம், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்.

அகதி விடுதியில் இருந்த முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு போட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். இரத்த உறவில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் என் மெல்லிய சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் அண்ணை, அவ அக்கா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணை பாண் சுடும் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை செய்தார். அக்கா அலுவலகங்கள் கூட்டித் துடைத்தா. எனக்கு இந்தத் தொழிலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி இடம் கிடைத்தபோது விண்ணப்பத்தை மூன்று தடவை திருத்தி எழுத வைத்தவர் அண்ணை. என் கலியாணத்தில் எனக்குத் தாய் தகப்பன் இடத்தில் நின்றவர்களும் அவர்கள்தான்.

அவர்கள் மூன்று தடவை வாடகை வீடு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் தனக்கோ தன் மகளுக்கோ வீடு தேவை என்று கடிதம் அனுப்பினார். சட்டப்படி பிழையில்லாத, மரியாதையான கடிதங்கள். மூன்றாவது கடிதம் வந்தபோது அண்ணை ஓய்வூதியத்தில் இருந்தார். "இனி ஒருத்தனும் என்னை எழும்பு எண்டு சொல்லக்கூடாது," என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே காஸ் குழாய் இல்லை. நிலவறையில் விறகுக் கொதிகலன் ஒன்று இருந்தது, இங்கே நாங்கள் கெசல் என்று சொல்வது. வீட்டைக் காட்டியவர் அதில் தட்டிக்காட்டி, இது இன்னும் முப்பது வருடம் எரியும் என்று சொன்னாராம்.

நவம்பர் மாதத்தில் அண்ணை என்னை அழைத்தார். "ஒருக்கா வந்து பாரும். ஒரு குழாயிலை இருந்து தண்ணி சொட்டுது. பெரிய விஷயமில்லை."

அடுத்த சனிக்கிழமை காலையில் போனேன். அக்கா வீட்டுக்குள்ளேயே குளிர்ச்சட்டை போட்டிருந்தா. "வாங்கோ தம்பி, வாங்கோ. கீழை போறதெண்டால் போயிட்டு வாங்கோ, நான் வடை போடுறன்," என்று குசினிக்குள் போனா. நானும் அண்ணையும் நிலவறைக்கு இறங்கினோம்.

ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. மூடிய குழாய்களுக்குள் தண்ணீர் சூடாகும்போது விரியும். விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்க ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும், உள்ளே ரப்பர் சவ்வோடு. அந்தச் சவ்வு கிழிந்து தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. விரிவதற்கு இடமில்லாததால் நெருப்பு மூட்டும்போதெல்லாம் அமுக்கம் ஏறியது. இரண்டரை பார் வந்தவுடன் பாதுகாப்பு வால்வு திறந்து கொஞ்சத் தண்ணீரை வெளியே விட்டது. அண்ணை சொட்டு என்று சொன்னது அதைத்தான். வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் பெரிய ஆபத்து வேறு ஒன்று. விறகை காஸ் மாதிரி நினைத்த நேரம் நிறுத்த முடியாது. மின்சாரம் போய், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றாலும் உள்ளே போட்ட கட்டைகள் எரிந்துகொண்டே இருக்கும், சூடு போக வழியிருக்காது. அதற்காகக் கொதிகலனுக்குள் ஒரு சுருள் குழாய் வைத்திருப்பார்கள். தண்ணீர் தொண்ணூற்றைந்து பாகையைத் தாண்டினால் ஒரு வால்வு தானாகத் திறந்து, குளிர்ந்த குழாய்த் தண்ணீரை அந்தச் சுருளுக்குள் ஓடவிட்டு, சூட்டை அள்ளிக்கொண்டு போய்க் கழிவுநீர்க் கானுக்குள் விடும். மின்சாரம் தேவையில்லை, ஆள் தேவையில்லை. இந்த வீட்டில் சுருள் இருந்தது. வால்வு இல்லை. பழைய சொந்தக்காரர் எப்போதோ அதைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் அடைத்திருந்தார்.

"அண்ணை, இது இல்லாமல் இதை எரிக்கக்கூடாது," என்றேன்.

"அப்ப குளிருக்கு என்ன செய்யிறது?"

"மின்சார ஹீட்டர் இரண்டு கொண்டுவந்து தாறன். நான் சாமான் எடுத்துப் பொருத்தும்வரைக்கும்..."

"இந்த வீட்டின்ரை வயரைப் பாத்தனீரோ? ஒரு ஹீட்டர் போட்டாலே ஃபியூஸ் போகுது." அவர் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேலை அக்காவைப் பாத்தனீர்தானே. குளிர்ச்சட்டையோடை நிக்கிறா. ஒரு வழி சொல்லும்."

நான் வேலைக்குப் போகும் வேறு எந்த வீடாக இருந்தாலும் கொதிகலனை நிறுத்தி, அதன் கதவில் ‘பாவிக்கக்கூடாது’ என்ற சிவப்பு அட்டை கட்டிவிட்டு வந்திருப்பேன். அண்ணையின் நிலவறையில் நின்று அதைச் செய்ய என்னால் முடியவில்லை. வழி சொன்னேன். "கொஞ்சமாய்ப் போடுங்கோ. ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று கட்டைக்கு மேலை வேண்டாம். போட்டிட்டு வெளியிலை போகாதேங்கோ. கரண்ட் போனால் உடனே கீழை இருக்கிற இந்தக் காத்துக் கதவைச் சாத்துங்கோ. தண்ணி ஊத்தி நெருப்பை நூர்க்கக்கூடாது." அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். காற்றுக் கதவை இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டினார். மேலே வடை எண்ணெயின் மணம் வந்தது. நான் சொன்னதெல்லாம் அண்ணைக்கு மட்டும்தான். அக்காவையும் கீழே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை புதிய சிவப்புத் தொட்டியோடு போய்ப் பொருத்தினேன். அமுக்கமானியின் முள் ஒன்றரையில் அசையாமல் நின்றது. அண்ணை என் தோளில் தட்டினார். அடிக்கடி திறந்து பழகிய பாதுகாப்பு வால்வு மட்டும் இன்னும் கசிந்தது. அது பதிந்து மூடும் இடத்தில் ஊத்தை பிடித்திருந்தது. அதையும் மாற்ற வேண்டும், சுருளுக்குரிய வால்வையும் பொருத்த வேண்டும், அதற்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று இழுக்க வேண்டும், ஒரு முழு நாள் வேலை என்று சொன்னேன். "அவசரமில்லை. உமக்கும் வீட்டிலை பிள்ளையள் இருக்கு," என்றார் அண்ணை.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பக்கம் வேறு வேலைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். நிலவறை காய்ந்திருந்தது. எப்படி என்று குனிந்து பார்த்தால், பாதுகாப்பு வால்வின் வாயில் பித்தளை மூடி ஒன்று முறுக்கியிருந்தது. சணல் நூல் சுற்றி, நன்றாக இறுக்கி. பாண் தொழிற்சாலை அடுப்புகளோடு வாழ்ந்த மனிதனின் துப்புரவான வேலை.

குறடு எடுத்து மூடியைக் கழற்றினேன். அண்ணை படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இதை ஏன் செய்தனீங்கள்?"

"சும்மா சொட்டிக்கொண்டு நிண்டுது. தொட்டியை நீர் மாத்தினனீர்தானே. இனி அமுக்கம் ஏறாது எண்டு..."

"அண்ணை, இதை மூடினால் இது கெசல் இல்லை, குண்டு." போருக்குத் தப்பி வந்த அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் சுருங்கியது. நான் குரலைத் தாழ்த்தினேன். "கீழை ஒரு வாளி வையுங்கோ. சொட்டட்டும். ஆனால் மூடாதேங்கோ. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"சரி, சரி. சாமானைக் கொண்டு வாரும்."

அந்த மூடியை நான் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். நிலவறை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

சாமான்கள் அந்தக் கிழமையே வந்துவிட்டன. இரண்டு வால்வுகளும் பெட்டி உடைக்காமல் என் வேலை வண்டியில், பின் தட்டில் கிடந்தன. முதல் சனிக்கிழமை மகளின் வயலின் பரீட்சை. அதற்குப் பிறகு நத்தார், புதுவருட விடுமுறைக் கிழமைகள், அண்ணையே வேண்டாம் என்றார். ஜனவரியின் முதல் சனிக்கிழமை நான் போகவில்லை. முழங்கால் வலித்தது. சோபாவில் படுத்திருந்தபடி தொலைபேசியில், "ரோட்டெல்லாம் ஸ்நோ அண்ணை, அடுத்த கிழமை வாறன்," என்றேன். பனி இருந்தது உண்மை. உப்புத் தூவி ரோட்டைத் துப்புரவாக்கியிருந்ததும் உண்மை.

அந்த அடுத்த கிழமையின் புதன்கிழமை அண்ணைக்குக் கண் வைத்தியரிடம் டெர்மின், முன்பதிவு செய்த நேரம். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்தது. கடும் குளிர். தான் வரும்வரை வீடு சூடாக இருக்கட்டும் என்று கொதிகலனை வாய்முட்ட நிரப்பி மூட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார். பதினொரு மணிபோல் மலைப்பக்கத்துக் கிராமங்கள் எல்லாவற்றிலும் மின்சாரம் நின்றது. ஈரப்பனியின் பாரத்தில் எங்கோ மரம் ஒன்று கம்பியில் விழுந்திருந்தது.

நான் ஒரு பாடசாலையின் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா அழைத்தா.

"தம்பி, கரண்ட் இல்லை. குழாயெல்லாம் தட்டுது. ஆரோ சுத்தியலாலை அடிக்கிற மாதிரிச் சத்தம்."

"அண்ணை எங்கை?"

"கண் டொக்டரிட்டைப் போயிட்டார். போன் எடுக்கிறார் இல்லை. நான் என்ன செய்ய?"

எனக்குப் பயம் வந்தது. ஆனால் வால்வு திறந்திருக்கிறது என்று நம்பினேன். நானே என் கையால் மூடியைக் கழற்றியிருந்தேன். கொஞ்சச் சுடுதண்ணீர் கொட்டும், அமுக்கம் இறங்கும், காற்றை அடைத்தால் நெருப்பு மெல்ல அடங்கும். அதனால் சொன்னேன்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. கீழை போங்கோ. கெசலின்ரை அடியிலை சின்னக் கதவு ஒண்டு இருக்கும். அதைச் சாத்தினால் போதும். பக்கத்திலை ஒரு குழாயாலை தண்ணி ஊத்திக்கொண்டிருக்கும், அது நல்லதுதான், அதுக்குக் கிட்டப் போகாதேங்கோ."

"போனை வைக்கட்டோ?"

"வேண்டாம். கையிலை வைச்சிருங்கோ. நான் நிக்கிறன்."

அவ படியிறங்குவது கேட்டது. செருப்புச் சத்தம், கைப்பிடியில் மோதிரம் உரசும் சத்தம். பிறகு அந்தத் தட்டல் எனக்கும் கேட்டது.

"இருட்டாயிருக்கு தம்பி. ஓம், சின்னக் கதவு தெரியுது. சாத்திறன்... சாத்திப்போட்டன்."

"நல்லது. மேலை ஒரு வட்ட மணிக்கூடு மாதிரி இருக்கும். முள்ளு எங்கை நிக்குது?"

"முள்ளு... சிவப்பைத் தாண்டிக் கடைசியிலை நிக்குது."

"தண்ணி ஊத்துதோ?"

"இல்லையே. ஒரு சொட்டும் இல்லை."

எனக்கு அந்த நொடியில் விளங்கியது. "அக்கா, மேலை ஓடுங்கோ! விட்டிட்டு ஓடுங்கோ!" என்று கத்தினேன். பாடசாலை நடைவழியில் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா "என்ன?" என்றா. என் கத்தலில் அவவுக்குச் சொல் விளங்கவில்லை. "என்ன தம்பி?" என்று இன்னொரு தடவை கேட்டா. பிறகு ஒரு சத்தம், அதோடு தொடர்பு அறுந்தது.

அவசர உதவிக்கு அழைத்து முகவரி சொன்னேன். என் ஜெர்மன் அன்றைக்கு இருபது வருடம் பின்னால் போய்விட்டது. அந்தப் பெண் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்ல, நான் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சொன்னேன். நான் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஹெலிகொப்டரில் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் சத்தம் கேட்டு ஓடிவந்து அவவை வாசல் பனியில் இழுத்துக் கிடத்தியிருந்தார். நிலவறைக்குள் தீயணைப்பு ஆட்கள் நின்றார்கள். கொதிகலன் வெடிக்கவில்லை. அதற்கு மேலே, மனித முக உயரத்தில் இருந்த பழைய குழாய் இணைப்பு ஒன்று பிய்ந்து, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் ஆவியாகப் பாய்ந்திருந்தது. என் டோர்ச்சை வால்வின் வாயில் பிடித்தேன். மூடி போட்டிருந்தது. புதிய சணல்.

பின்னேரம் அண்ணை பேருந்தில் வந்து இறங்கினார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டியைப் பார்த்து, "ஆர் வீட்டிலை?" என்று என்னிடமே கேட்டார். நான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவவைக் கீழை போகச் சொன்னது ஆர்?"

"நான்தான் அண்ணை."

அவர் தலையாட்டினார். மூடியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீட்டில் நிமிர்ந்து இருந்து, எதுவும் தெரியாத கண்ணாலே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா உயிர் தப்பினா. முகத்தின் இடது பக்கம், கழுத்து, தடுக்கப் பிடித்த இரண்டு கைகள். தீக்காயப் பிரிவில் ஐந்து மாதம். தோல் எடுத்து ஒட்டினார்கள், பிடிக்கவில்லை, மறுபடி ஒட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் வைத்தியர் பொறுமையாக எல்லாம் விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். கடைசியில் ஒரு நாள், "கைவிரல்களை இதற்கு மேல் மடக்க முடியாது" என்பதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப தேங்காய் துருவ ஏலாது," என்றா.

மூடி ஏன் திரும்பிப் போனது என்பதையும் அவதான் சொன்னா, அண்ணை இல்லாத ஒரு மத்தியானம். வாளி நிரம்பி வழிந்து, விறகு அடுக்கிய நிலவறை வெளிவாசல் பக்கம் ஓடி உறைந்திருக்கிறது. விறகு எடுக்கப் போன அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை அடித்துக்கொண்டா. "எனக்காகத்தான் அவர் மூடினவர் தம்பி. நீங்கள் அந்தச் சனிக்கிழமை வருவியள், அதுக்கு முதல் கழட்டி வைப்பம் எண்டுதான் இருந்தவர். நீங்கள் வரேல்ல. பிறகு மறந்து போனார்." அவ என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னா, அவ்வளவுதான்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய நிபுணர் என்னிடம் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பரில் என்ன பார்த்தேன், டிசம்பரில் எதைக் கழற்றினேன், எங்கே வைத்தேன், வண்டியில் எவ்வளவு நாள் என்ன கிடந்தது. அவர் என்னைவிட இளையவர். எழுதிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் பேனையை நிறுத்தி, "நீங்கள் இந்தத் தொழில் படித்தவர்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். உண்மை சொன்னதால் அவர்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. வால்வு வேண்டுமென்றே அடைக்கப்பட்டது என்று காப்புறுதி இழப்பீடு தராமல் கைவிரித்தது. நான் பொய் சொல்லியிருந்தாலும் அந்தச் சணல் அங்கே இருந்தது.

வீட்டை அரை விலைக்கு விற்றார்கள். யாரும் எழும்பச் சொல்லாமலே அண்ணை அந்த வீட்டை விட்டு எழும்பினார். இப்போது நகரத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை, மறுபடி வாடகை.

வேலையில் நான் மாறிவிட்டேன் என்று முதலாளி சொல்கிறார். விறகுக் கொதிகலன் உள்ள வீட்டில் அந்தச் சுருள் வால்வு இல்லையென்றால் யார் கெஞ்சினாலும் நிறுத்திவிட்டுத்தான் வருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு தாய், கையில் குழந்தையோடு, என்னை மனிதனே இல்லை என்று திட்டினா. நான் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வந்தேன். அதனால் எங்கோ யாரோ தப்பியிருக்கலாம். எனக்குத் தெரிந்த யாருக்கும் அதால் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வருடம் நான் மாதத்துக்கு ஒரு தடவை அந்த மூன்றாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மீன் வாங்கிக்கொண்டு போவேன், மருந்துக் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். நான் உள்ளே வந்தவுடன் அண்ணை எழுந்து மற்ற அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். கோபமாகச் சாத்துவதில்லை. மெதுவாக, கொளுக்கிச் சத்தம்கூடக் கேட்காமல். நான் போகும்வரை வெளியே வரமாட்டார். அக்காவும் நானும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து வானிலையைப் பற்றிப் பேசுவோம்.

கடைசியாகப் போனது இந்தப் புரட்டாதியில். அக்கா இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கோப்பையை அணைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. நான் எழுந்து வாங்கப் போனேன். "இருங்கோ, நான் கொண்டு வருவன்," என்றா. வைத்தா. கொஞ்சம் சிந்தியது. எனக்கு எதிரே இருந்தா.

"தம்பி, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியள்தானே?"

"சொல்லுங்கோ அக்கா."

"நீங்கள் வந்திட்டுப் போனால் அவர் இரண்டு மூண்டு நாளைக்குச் சாப்பிடுறேல்ல. படுத்தபடிதான். நான் சோறு தீத்திவிடவும் ஏலாது, என்ரை கையைப் பாக்க அவருக்கு ஏலாது." கதவைப் பார்த்தா, பிறகு என்னை. "நீங்கள் நல்ல பிள்ளை. இனி வராதேங்கோ."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவ கஷ்டப்பட்டுப் போட்டது. மீன் பையைக் கழுவுதொட்டியில் வைத்தேன். மீன் வெட்டித்தான் இருந்தது, துப்புரவாக்கத் தேவையில்லை என்று சொன்னேன். சாத்தியிருந்த கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, "அண்ணை, போயிட்டு வாறன்," என்றேன். உள்ளே கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.